ஒரு கிளையில் மட்டும் வந்த புது நிறம், கட்டிங்கில் ஏன் காணாமல் போனது?

பினாங்கு பாலிக் பூலாவில் நர்சரி வைத்திருக்கும் ஒருவர் கேட்ட கேள்வி இது. சிவப்புச் செம்பருத்தியில் அறுபது கட்டிங்குகளுக்கு 20 கிரே (உள்வாங்கும் கதிரை அளக்கும் அலகு) காமா கதிர் காட்டி வாங்கியிருக்கிறார். நாற்பது பிழைத்தன. அதில் ஒரு செடியின் ஒரே கிளையில் பாதி சிவப்பு, பாதி மஞ்சளாக ஒரு பூ. அந்தக் கிளையில் எடுத்த ஐந்து கட்டிங்கும் பழையபடி சிவப்பே பூத்தன. டோஸ் போதவில்லையா, கூட்டலாமா, செடியைத் தொடுவதில் ஆபத்து உண்டா, ஆர்க்கிட்டிலும் காகிதப்பூவிலும் இதையே செய்யலாமா என்று கேட்கிறார்.

டோஸைக் கூட்ட வேண்டாம். கதிர்வீச்சு தன் வேலையைச் செய்துவிட்டது. புது நிறம் தவறிப்போனது கட்டிங் எடுத்த இடத்தில்தான். இந்தத் துறையில் காமா அறைக்குள் நடப்பது சில நிமிட வேலை. அதற்குப் பிறகு வரும் ஒன்றிரண்டு வருடக் கத்தரிக்கோல் வேலையில்தான் புது ரகம் கிடைப்பதும் கைவிட்டுப் போவதும்.

ஒரு மொட்டின் வளர்நுனியில் பல செல்கள் இருக்கும். கதிர் எல்லாச் செல்லையும் ஒரே மாதிரி மாற்றாது. ஏதோ ஒரு செல்லில் ஒரு மரபணு உடையும். அந்தச் செல் பிரிந்து பிரிந்து, தண்டின் ஒரு பக்கத்தில் மட்டும் நீளவாக்கில் ஒரு கீற்றாக ஓடும். மீதித் தண்டு பழையது. இப்படி இரண்டு மரபுத் திசுக்கள் ஒரே உடலில் இருப்பதைத்தான் கைமேரா என்கிறோம். செம்பருத்திப் பூ இலைக்கக்கத்தில் ஒற்றையாக வருவதால், உங்கள் பாதி மஞ்சள் பூ ஒரு துல்லியமான தகவலைத் தருகிறது: மாறிய கீற்றின் ஓரக்கோடு அந்தக் கக்கத்தின் நடுவே போகிறது. அதற்கு ஒரு பக்கத்தில் இருக்கும் கணுக்கள் முழு மஞ்சளாக இருக்க வாய்ப்புண்டு. மறுபக்கத்தில் இருப்பவை முழுச் சிவப்பு. நீளமான கட்டிங் எடுத்து நட்டால் எந்த மொட்டு முதலில் துளிர்க்கிறதோ அதுவே செடியாகும். மாறாத செல்கள் பெரும்பாலும் வேகமாகப் பிரியும் என்பதால் பழைய நிறமே முந்திக்கொள்ளும்.

தாய்ச்செடியில் அந்தக் கிளை இன்னும் இருந்தால் இப்போதே செய்ய வேண்டியது இதுதான். பாதிப் பூ வந்த கணுவுக்கு அலுமினியத் தகட்டு அட்டை கட்டுங்கள். மஞ்சள் எந்தப் பக்கம் இருந்தது என்பதைத் தண்டிலேயே அழியாத மையால் கோடு போட்டுக் குறியுங்கள். அந்தக் கோட்டின் நேர் மேலும் கீழும் உள்ள கணுக்களுக்குத் தனித்தனி எண் கொடுங்கள். ஒவ்வொரு கணுவிலிருந்தும் ஒரே ஒரு மொட்டை எடுத்து, வீரியமான நாட்டுச் சிவப்புச் செம்பருத்தி வேர்ச்செடியில் மொட்டு ஒட்டு கட்டுங்கள். ஒட்டு கைவராதவர்கள் ஒரே கணு உள்ள சிறு கட்டிங்காக வேர்பிடிக்க வைக்கலாம். ஆனால் அதில் இழப்பு அதிகம், பூவுக்கும் காத்திருக்க வேண்டும். மொட்டு எடுத்த பிறகு மிச்சக் கிளையைக் கணக்காகக் குறைத்து வெட்டினால் தூங்கிக்கொண்டிருக்கும் மொட்டுகளும் எழும். அதிலும் பாருங்கள். சிவப்பாகப் பூத்த அந்த ஐந்து கட்டிங்கையும் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். கீற்று அவற்றின் தண்டில் ஒளிந்திருக்கலாம். ஒருமுறை கவாத்து செய்து பக்கக் கிளைகள் பூக்கும்வரை வைத்திருங்கள்.

முழு மஞ்சள் கிளை கிடைத்துவிட்டாலும் அது இன்னும் ஒருவகைக் கைமேராதான். வளர்நுனியில் மூன்று அடுக்குகள் உண்டு. பூவிதழின் நிறம் பெரும்பாலும் மேல் அடுக்கான தோலில் தெரிகிறது. மகரந்தமும் சூலும் இரண்டாம் அடுக்கிலிருந்து வருகின்றன. மேல் அடுக்கு மட்டும் மாறிய செடி, தண்டுக் கட்டிங்கிலும் மொட்டு ஒட்டிலும் மஞ்சளாகவே நிற்கும். வேர்த்துண்டிலிருந்து முளைக்கவிட்டால் உள் அடுக்கு வெளியே வந்து பழைய சிவப்பே பூக்கும். அதன் விதையிலும் மஞ்சள் இறங்காது. ஆகவே அதைப் பெருக்கும் வழியை ஒன்றோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

சிவப்பிலிருந்து மஞ்சள் ஏன் வந்தது என்பது அடுத்த தாய்ச்செடியைத் தேர்ந்தெடுக்க உதவும். கதிர்வீச்சு பெரும்பாலும் இருப்பதை உடைக்கும். இல்லாததைக் கட்டிக்கொடுப்பது மிக அரிது. ஆந்தோசயனின் என்ற சிவப்பு நிறமியை உண்டாக்கும் பாதையில் ஒரு மரபணு உடைந்தால் சிவப்பு நீங்கி, அடியில் இருந்த மஞ்சள் வெளியே தெரியும். அடியில் மஞ்சள் இல்லாத பூவானால் வெள்ளையாகும். இதனால்தான் ரோஸ் நிறச் சாமந்தி கதிர்வீச்சில் வெள்ளை, மஞ்சள், செம்பு நிறம் எனப் பல குட்டிகள் போடுகிறது. மஞ்சள் சாமந்தியிலிருந்து ரோஸ் வரும் என்று காத்திருப்பது வீண். ஒரு வேடிக்கை விதிவிலக்கும் இருக்கிறது. வெள்ளைச் சாமந்தியின் இதழில் கரோட்டினாய்டு என்ற மஞ்சள் நிறமியைச் சிதைக்கும் நொதி ஒன்று வேலை செய்கிறது. அந்த நொதியின் மரபணு கெட்டால் மஞ்சள் தங்கிவிடும். அங்கேயும் ஒன்று உடைந்துதான் இன்னொன்று தெரிகிறது. நீலச் செம்பருத்தி, நீல ரோஜா எல்லாம் இந்த வழியில் கிடைக்காது.

எனவே தாய்ச்செடி அடர்நிறமாக, கலப்பினமாக இருக்கட்டும். ஒரு மரபணுவின் இரண்டு பிரதியில் ஒன்று ஏற்கெனவே வேலை செய்யாத செடியில், மிச்ச ஒன்றைக் கதிர் கெடுத்தாலே மாற்றம் கண்ணுக்குத் தெரியும். இரண்டும் நன்றாக இருந்தால் ஒன்று கெட்டும் தெரியாது. கலப்பினங்களில் இந்த அரைகுறை ஜோடிகள் நிறைய. இன்னொன்று, தாய் ரகம் ஒரே ஒரு குறை தவிர மற்ற எல்லாவற்றிலும் தேறியதாக இருக்க வேண்டும். வீரியம், நோய் தாங்கல், பூவின் ஆயுள் மூன்றும் சுமாரான செடியைக் கதிர் காட்டித் திருத்த முடியாது.

பயத்தைப் பற்றி: செடி கதிரியக்கம் உடையதாக மாறாது. காமா கருவிகளில் வைக்கும் கோபால்ட்-60 விடும் கதிரின் ஆற்றல் 1.17, 1.33 மெகா எலெக்ட்ரான் வோல்ட். சீசியம்-137 விடுவது 0.662. அணுக்கருவைக் கிளறி அதைக் கதிரியக்கமாக்க இந்த ஆற்றல் போதாது. கதிர் உள்ளே நுழைந்து டிஎன்ஏவை உடைத்துவிட்டுப் போய்விடும், செடிக்குள் எதுவும் தங்காது. தொடலாம், விற்கலாம், மாலையில் கட்டலாம்.

வீட்டிலேயே செய்ய முடியுமா என்று கேட்பவர்களும் உண்டு. கிளினிக் எக்ஸ்ரேயில் ஒரு படத்துக்கு ஆகும் அளவு மில்லிகிரே கணக்கில் இருக்கும், பல படங்களில் அதைவிடவும் குறைவு. செடிக்குத் தேவைப்படுவது பத்து, இருபது கிரே. மனித உடல் முழுவதும் ஒரே தடவையில் 4–5 கிரே வாங்கினால் சிகிச்சை இல்லாமல் பாதிப் பேர் பிழைக்க மாட்டார்கள், அந்த அளவோடு ஒப்பிட்டுப் பாருங்கள். புகை எச்சரிக்கைக் கருவியைப் பிரித்து அமெரீசியம் என்ற கதிரியக்கப் பொருளை எடுப்பது போன்ற யோசனைகள் முட்டாள்தனம் மட்டுமல்ல, குற்றமும்கூட. மலேசியாவில் கதிரியக்கப் பொருள்கள் 1984 ஆம் ஆண்டு அணுசக்தி உரிமச் சட்டத்தின் கீழ் வருகின்றன. புற ஊதா விளக்கு தண்டுக்குள் இறங்கவே இறங்காது. இஎம்எஸ் என்ற ரசாயனம் சடுதிமாற்றத்தை, அதாவது மரபணுவில் திடீர் மாற்றத்தை, நன்றாகவே உண்டாக்கும், ஆனால் புற்றுநோய் வரவைக்கும் பொருள். புகைபோக்கி அறையும் பயிற்சியும் இல்லாமல் அதைத் தொடக்கூடாது.

நம் நாட்டில் இதற்கான இடம் சிலாங்கூர் பாங்கியில் உள்ள மலேசிய அணுசக்தி முகமை. குறுகிய நேரத்தில் முழு டோஸ் கொடுக்கும் காமா அறையும், செடிகளை நீண்ட காலம் வைத்துக் குறைந்த வேகத்தில் கொடுக்கும் காமா பசுமைக்குடிலும் அங்கே இருக்கின்றன. பசுமைக்குடிலில் கதிர் விடும் சீசியம் நடுவில் நிற்கும். தொட்டிகள் அதைச் சுற்றி வளையம் வளையமாக இருக்கும். தூரம் இரட்டித்தால் டோஸ் வேகம் கால் பங்காகக் குறையும் என்பதால் ஒரே அறையில் பல டோஸ்களைச் சோதிக்கலாம். மெதுவாக வாங்கும் செடி இடையிடையே தன்னைப் பழுதுபார்த்துக்கொள்வதால் சேதம் குறைவு. உலக அளவில் இந்த முறையின் வயது அதிகம். மரபியலாளர் முல்லர் 1927இல் பழ ஈயில் எக்ஸ்ரே சடுதிமாற்றத்தைக் காட்டினார், அடுத்த ஆண்டே ஸ்டாட்லர் பார்லியிலும் மக்காச்சோளத்திலும். 1949இல் எக்ஸ்ரேயால் பிறந்த ஃபாரடே என்ற துலிப் நெதர்லாந்தில் சந்தைக்கு வந்தது. சர்வதேச அணுசக்தி முகமையும் உணவு வேளாண் அமைப்பும் நடத்தும் பதிவேட்டில் இன்று 3,000க்கும் மேற்பட்ட சடுதிமாற்ற ரகங்கள் உள்ளன. மலேசியாவில் தேறிய நோவாரியா வாழை, கிராண்ட் நைன் வாழைக்கு 60 கிரே கொடுத்து எடுத்தது, சீக்கிரம் குலை தள்ளும்.

இனி டோஸ். புத்தகத்து எண்ணை நம்பி முழுச் சரக்கையும் அனுப்பக் கூடாது. வேர்பிடித்த சாமந்திக் கட்டிங்குக்கு 10 முதல் 25 கிரே, ரோஜா மொட்டுக் குச்சிக்கு 20 முதல் 60, கிளாடியோலஸ் கிழங்குக்கு 20 முதல் 50, துலிப் கிழங்குக்கு நாலைந்து கிரே போதும். செண்டுப்பூ விதையானால் 100, 200 என்று போகும். உலர்ந்த விதையில் நீர் குறைவு, செல் பிரிதல் நின்றிருக்கிறது, அதனால் தாங்கும். அதே விதையில் ஈரப்பதம் மாறினால் தாங்கும் அளவும் மாறும். 12–14 சதவீதத்துக்குக் கொண்டுவந்து சமன்செய்த பிறகே கொடுப்பார்கள். ரகத்துக்கு ரகமும் வேறுபடும்.

அதனால் முதல் சுற்று சோதனைச் சுற்று. 0, 10, 20, 30, 40, 50 கிரே என்று ஆறு அளவு, ஒவ்வொன்றுக்கும் இருபது கட்டிங். 0 என்பது பாங்கிவரை போய்க் கதிர் வாங்காமல் திரும்பிய கட்டிங். வீட்டிலேயே இருந்த கட்டிங் ஒப்பிட உதவாது, பயணக் களைப்பும் ஒரு காரணியாச்சே. நாற்பது, அறுபதாம் நாளில் பிழைத்தவற்றை எண்ணித் துளிரின் நீளத்தை அளக்க வேண்டும். துளிர் நீளம் 0 கட்டிங்கில் பாதியாகும் டோஸைக் கண்டுபிடியுங்கள். பெரிய சுற்றை அந்த அளவிலும் அதற்குக் கொஞ்சம் கீழேயும் என இரண்டு டோஸில் போடுங்கள். அதற்கு மேல் போனால் பிழைக்கும் ஒவ்வொரு செடியிலும் தேவையில்லாத சேதம் பல சேர்ந்து, நல்ல நிறம் வந்தாலும் குட்டையாய், பூக்காமல் நிற்கும். உங்கள் அறுபதில் நாற்பது பிழைத்திருப்பதைப் பார்த்தால் 20 கிரே உங்கள் ரகத்துக்குப் பொருத்தமாகவே இருந்திருக்கிறது. குறைச்சல் எண்ணிக்கையில்தான். பெரிய சுற்றில் ஐந்நூறு மொட்டாவது இருக்கட்டும்.

நேரக் கணக்கு எளிது: தேவையான டோஸை டோஸ் வேகத்தால் வகுக்க வேண்டும். மணிக்கு 100 கிரே கொடுக்கும் கருவியில் 20 கிரேக்கு 12 நிமிடம். கோபால்ட்-60 ஐந்தேகால் வருடத்தில் பாதியாகிவிடும், மாதத்துக்கு ஏறக்குறைய ஒரு சதவீதம் குறையும். சீசியம் 30 வருடம் எடுக்கும். ஆகவே அன்றைய தேதியின் டோஸ் வேகத்தைக் கேட்டு எழுதி வாங்கி வையுங்கள். அடுத்த சுற்றில் ஒப்பிட அது வேண்டும்.

கட்டிங் தயாரிப்பில் கெடுவதே அதிகம். பென்சில் தடிமன், 10 முதல் 15 செ.மீ. நீளம், மூன்று நான்கு மொட்டு, இலை முழுக்கக் கழித்தது. அதிகாலையில் வெட்டுங்கள். ஈரச் செய்தித்தாளில் சுற்றி, துளையிட்ட பிளாஸ்டிக் பையில், ஐஸ் நேரடியாகப் படாத குளிர்பெட்டியில் வையுங்கள். அட்டையைப் பென்சிலால் எழுதுங்கள், மை ஈரத்தில் ஓடிவிடும். மண்ணோடு, தொட்டியோடு அனுப்ப வேண்டாம். ஈர மண் காமாவைத் தடுத்துப் பின்னால் இருக்கும் கட்டிங்குக்குக் குறைவாகக் கொடுக்கும். பைகள் மெலிதாக, கருவியின் நடுவில் அமரும் அளவில் இருக்கட்டும். பினாங்கிலிருந்து போகிறவர்கள் மட்டும், தூரம் அதிகம் என்பதால், முதல்நாள் மாலை வெட்டி, காலையில் கதிர் காட்டி, அன்றிரவே நட்டுவிட வேண்டும். கதிர் பட்ட தண்டின் வெட்டுக்காயம் மூடுவது மெதுவாகத்தான். பூஞ்சை எளிதில் ஏறும், மணல் கலவையைக் கிருமி நீக்கம் செய்திருக்க வேண்டும்.

முதல் துளிரில் இலை சுருங்கும், வெள்ளைத் திட்டு வரும், இரண்டு இலை ஒட்டிப் பிறக்கும், தண்டு பட்டையாகும். இதையெல்லாம் புது ரகம் என்று குதிக்க வேண்டாம். அது காயம், மரபு அல்ல. அடுத்த துளிரில் போய்விடும். முதல் துளிரின் அடியில் உள்ள நாலைந்து கணுவை விட்டுத் தண்டை வெட்டுங்கள். எழும் பக்கக் கிளைகள் இரண்டாம் தலைமுறை. அவற்றை மறுபடி வெட்டி மூன்றாம் தலைமுறை. தேர்வை இரண்டாம் தலைமுறையில் தொடங்கி மூன்றில் உறுதிசெய்யுங்கள். எந்தக் கட்டிங்கின் எந்த மொட்டிலிருந்து எது வந்தது என்ற வம்சக் கணக்கு இல்லாமல் இந்த வேலையில் இறங்குவதில் அர்த்தமில்லை.

பொய் சடுதிமாற்றம் இரண்டு வகையாக வரும். வெயிலும் வெப்பமும் செம்பருத்தி நிறத்தைத் தாமாகவே மாற்றும். பினாங்கில் ஜனவரி, பிப்ரவரி வறட்சியில் பூத்த பூவையும் அக்டோபர் மழையில் பூத்த பூவையும் ஒப்பிட்டு முடிவெடுக்கக் கூடாது. கதிர் வாங்காத தாய்ச்செடியை அதே பெஞ்சில் வைத்து, ஒரே காலைப் பூக்களைப் பக்கத்தில் பக்கத்தில் பாருங்கள். மற்றது வைரஸ். டென்ட்ரோபியம் ஆர்க்கிட்டில் சிம்பிடியம் மொசைக் வைரஸும் ஓடோன்டோகுளாசம் வளையப்புள்ளி வைரஸும் இலையிலும் இதழிலும் கீறல் நிறம் கொடுக்கும். அதைப் புது ரகம் என்று பெருக்கினால் பெருகுவது நோய். சோதனைப் பட்டையால் பார்த்த பிறகே பெருக்குங்கள்.

ஆர்க்கிட்டுக்குக் கட்டிங் வழி சரிவராது. திசு வளர்ப்பில் உள்ள புரோட்டோகார்ம் உருண்டைகளுக்கு (செடியாக வளரும் சிறு திசுத் திரள்களுக்கு) கதிர் காட்ட வேண்டும். மலேசியாவில் டென்ட்ரோபியம் சோனியாவில் வந்த கீனா வரிசை ரகங்கள் இதற்கு நல்ல உதாரணம். கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸ் மாலைக்கடைகளில் கட்டுகிற ஊதா ஆர்க்கிட்டின் குடும்பம்தான் சோனியா. 10 முதல் 60 கிரே வரை சோதனைச் சுற்று வையுங்கள். கதிர் காட்டியதும் 24 மணி நேரத்துக்குள் புது ஊடகத்துக்கு மாற்றுவது கட்டாயம். ஊடகத்தில் இருக்கும் சர்க்கரை கதிரில் சிதைந்து நச்சுப் பொருள்களாகும். மாற்றாமல் விட்டுவிட்டு, டோஸ் அதிகம் என்று குற்றம் சொல்கிறவர்கள் உண்டு. பிறகு மூன்று, நான்கு முறை சிறுசிறாக நறுக்கி மாற்றினால் கைமேரா கரையும். பூவைப் பார்க்க இரண்டு மூன்று வருடம் ஆகும். ஆய்வகம் இல்லாத நர்சரிக்காரர் திசு வளர்ப்பு ஆட்களோடு கூட்டுச் சேர்ந்துதான் இதைச் செய்ய முடியும்.

காகிதப்பூவுக்கு டோஸ் மிகக் குறைவு. 2.5 கிரேயில் தொடங்கி 12.5க்குள் நிறுத்துங்கள். லக்னோவில் காமா கதிரால் எடுத்த லாஸ் பானோஸ் வேரிகேட்டா போன்ற கலப்பு இலை ரகங்கள் அதற்கு வழிகாட்டி. இலைக்கீற்று மாறுவது பூப்பதற்கு முன்பே தெரிவதால் தேர்வு வேகமாக நடக்கும். சுங்கை பூலோ சாலையோர நர்சரிகளில் பூவோடு இலையும் அழகாக இருக்கும் தொட்டிக்கு விலை நன்றாகவே போகிறது. கீற்று இலை நிலையில்லாதது, அடிக்கடி முழுப்பச்சைக் கிளை எழும். கண்டவுடன் அடியோடு நீக்காவிட்டால் பச்சை செடியைப் பிடித்துக்கொள்ளும்.

சாமந்தி கேமரன் மலைக்காரர்களுக்குச் சரி, தாழ்நாட்டு வெப்பத்தில் அதன் பூவை வைத்துத் தேர்வு செய்வது நடக்காது. தீவிலேயே பழகிப் பார்க்க விரும்பினால் ஆப்பிரிக்க வயலெட் நல்லது. காம்போடு இலையைக் கதிர் காட்டி நட்டால், அடிக்காம்பில் எழும் ஒவ்வொரு குட்டியும் கிட்டத்தட்ட ஒரே செல்லிலிருந்து பிறக்கிறது. கைமேரா தொல்லை அநேகமாக இல்லை, முதல் தலைமுறையிலேயே முழு மாற்றம் கிடைக்கும். 20 முதல் 40 கிரே. மேசை மேல் செய்யக்கூடிய அளவு சிறியது, நிழலில் வளரும்.

மஞ்சள் நிலைத்துவிட்டால், மூன்று தலைமுறை வரை தலைமுறைக்கு இருபது, முப்பது செடி வளர்த்து, எல்லாமே ஒன்றுபோல் இருக்கின்றனவா என்று பாருங்கள். 2004 ஆம் ஆண்டுப் புதிய தாவர ரகங்கள் பாதுகாப்புச் சட்டப்படி பதிவு செய்ய, மற்ற ரகங்களிலிருந்து வேறுபட்டு, ஒரே சீராக, நிலைத்து நிற்கிறது என்று காட்ட வேண்டும். விற்பனைக்கு விடும் முன்பே விண்ணப்பம் போடுவது நல்லது, ஒருமுறை கடைத்தெருவுக்குப் போன செடிக்குப் புதுமை உரிமை கேட்பது சிரமம். தாய் ரகம் இன்னொருவரின் பாதுகாப்பில் இருந்தால், அவரிடம் எழுத்தில் அனுமதி வாங்கிய பிறகே கதிர் காட்டுங்கள். ஆர்க்கிட்டில் இன்னொரு நடைமுறை உண்டு: சடுதிமாற்றம் புதுக் கலப்பு ஆகாது, ஆகவே கலப்பின் பெயர் மாறாமல் அதன் பின்னால் ரகப்பெயர் மட்டும் சேரும்.